இடது கைக்கு ஒரு காப்பு

அம்மனை நம்பி வாழும் அன்பர்களே, நம் கோயில் ஆடி மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி நான்கு வருடமாகக் கேட்கிறார்கள். நான் இடுப்பு வலி, கண் வலி என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தேன். உண்மைக் காரணம் வேறு. எழுதினால் முழுவதும் எழுத வேண்டும். பாதியை மறைத்துவிட்டு, அம்மன் என்னைக் காப்பாற்றினாள் என்று மட்டும் சொல்லி முடித்தால் அது அவளுக்கே பிடிக்காது. இந்த வருடம் மனம் துணிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பதினெட்டு வயது முடிய ஐம்பத்தோரு நாள் இருந்தது. ஊர் வியட்நாமில் சைகோன். அமெரிக்கப் படைகள் பகுதி பகுதியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலம். மற்ற ஊர்களில் பையன்கள் பதினெட்டு எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். நாங்கள் அந்த நாளை நினைத்து நடுங்கினோம். பதினெட்டு முடிந்த ஆணுக்கு நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்குப் பிறகு ஒரே வழிதான், பட்டாளம்.

என் அப்பா காரைக்குடிப் பக்கத்து ஆள். துணி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்காக இளவயதிலேயே கப்பல் ஏறி வந்தவர். அம்மா அந்த ஊர்ப் பெண், வியட்நாமியர். அப்பாவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. நான் அம்மா வழியில் அந்த நாட்டுக் குடிமகன். அதனால் எனக்கு முத்தையா என்று பெயர் வைத்திருந்தாலும் பட்டாளத்துக்காரர்களின் பட்டியலில் நானும் ஒரு உள்ளூர்ப் பையன்தான்.

பச்சை வண்டிகள் சந்து முனையில் வந்து நிற்கும். இரண்டு பக்கமும் வழியை மறித்துக்கொண்டு அடையாளத் தாளைக் கேட்பார்கள். தாளில் ஒரு எழுத்து அழிந்திருந்தாலும் போதும், ஏறு வண்டியில். சில சமயம் தாளைப் பார்ப்பதுகூட இல்லை. மீசை அரும்பியிருக்கிறதா என்று முகத்தைத்தான் பார்ப்பார்கள். என் வகுப்பில் அந்த வருடத் தொடக்கத்தில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம். யாராவது வராமல் போனால் ஆசிரியர் இரண்டு நாள் அந்தப் பெயரைக் கூப்பிடுவார். மூன்றாம் நாள் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விடுவார். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

இதிலிருந்து நான் தப்ப ஒரே ஒரு வாசல் திறந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். பேஸ்பால்.

எங்கள் பள்ளியை ஒட்டி ஒரு மைதானம் இருந்தது. விமான நிலையத்தின் வேலி அங்கே தொடங்கும். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்த கெல்லி என்ற அமெரிக்கர் அங்கே பையன்களைச் சேர்த்து பேஸ்பால் ஆடுவார். ஒருநாள் அவர்கள் அடித்த பந்து எங்கள் பக்கம் வந்து விழுந்தது. நான் எடுத்துத் திருப்பி எறிந்தேன். அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார். "இன்னொரு தடவை எறி" என்றார். எறிந்தேன். "இடது கையா உனக்கு?" என்று கேட்டார். ஏதோ திருடி மாட்டிக்கொண்டவனாக நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அந்தக் கையை மறைத்துத்தான் எனக்குப் பழக்கம். நம் வீடுகளில் பீச்சாங்கைக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் நான் சாப்பிட உட்கார்ந்தால் அப்பா ஒரு துண்டை எடுத்து என் இடது மணிக்கட்டில் சுற்றி முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுவார். கோபமாகச் செய்ய மாட்டார், கடமையாகச் செய்வார். ஆறு வயதுக்குள் வலது கையால் சாப்பிடவும் எழுதவும் பழகிவிட்டேன். குணமாகிவிட்டது என்று அப்பா நினைத்தார். எறிவது மட்டும் இடது கையிலேயே நின்றுவிட்டது. அது அவருக்குத் தெரியும், பேச மாட்டார். மைதானத்துப் பக்கம் அவர் ஒரு நாளும் வந்ததில்லை.

கெல்லிக்கோ அந்தக் கை ஒரு புதையல். பேஸ்பாலில் பந்து வீசுகிறவனைப் பிட்சர் என்பார்கள். மட்டை பிடிப்பவர்கள் வலது கைப் பந்துக்கே பழகியிருப்பதால் இடது கைப் பிட்சரைக் கண்டால் திணறுவார்கள். இரண்டு வருடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்சர், லாம். ஊரின் சீனர் பகுதியான சோலனில் நூடுல்ஸ் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பையன். என்னைவிட நான்கு மாதம் சின்னவன். என் பந்தைப் பிடித்துப் பிடித்து அவன் உள்ளங்கை வீங்கியிருக்கும். அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, "உங்க அம்மன்கிட்ட சொல்லி இதுக்கும் ஒரு வேண்டுதல் வை" என்பான்.

நாங்கள் ஆடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் விமானங்கள் இறங்கும். சில விமானங்களிலிருந்து நீளமான பெட்டிகளை இறக்கி வரிசையாக வைப்பார்கள். கெல்லி எப்போதும் எங்களை வேலிக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்துத்தான் பயிற்சி கொடுப்பார். ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் ஏப்ரலில் கெல்லி, அமெரிக்காவில் தான் படித்த கல்லூரியின் பேஸ்பால் பயிற்சியாளருக்குக் கடிதம் எழுதினார். சின்னக் கல்லூரி, சோளக்காட்டு நடுவில் இருப்பது என்று சொன்னார். பயிற்சியாளர் உடனே ஒரு படிவம் அனுப்பினார். அணியில் ஒரு இடம் காலி, சரியாக இருந்தால் படிப்பும் தங்கும் இடமும் அவர்கள் பொறுப்பு. படிவம் வந்த வாரமே கெல்லியின் கம்பெனி மூட்டை கட்டியது. அவர் அவசரமாக வந்து என் தோளைத் தட்டிவிட்டு, "படிவத்தை நிரப்பி அனுப்பு, மற்றதை நான் எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து எந்த நாட்டுக்குப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. முகவரி தரவில்லை.

படிவத்தை நான் பென்சிலால் நிரப்பினேன். உயரம், எடை, மதிப்பெண், எறியும் கை. அப்பா வாங்கிப் பார்த்தார். "பென்சில்ல எழுதி அனுப்பினா என்ன நெனைப்பாங்க? நான் டைப் அடிச்சுத் தாரேன்" என்றார். கம்பெனி மெஷினில் ஒரு பிழை இல்லாமல் அடித்துக்கொண்டு வந்து, உறையில் போட்டு ஒட்டி, தானே தபாலில் சேர்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா எனக்காகச் செய்த வேலை அது.

ஜூலை இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை, பதில் வந்தது. நான் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். பயிற்சியாளர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கெல்லி சொன்னது ஒரு இடது கைப் பிட்சரைப் பற்றி. ஆனால் உன் படிவத்தில் எறியும் கை வலது என்று இருக்கிறது. கெல்லியைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அவர் வேறு பையனை மனதில் வைத்து எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். வலது கைப் பிட்சர்கள் எங்களிடம் போதுமான அளவு இருக்கிறார்கள். ஜூலை முடிந்ததும் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறேன். உனக்கு என் வாழ்த்துகள்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. ஒரு கடிதம் போய்ச் சேரவே இரண்டு வாரம் ஆகும்.

மதியம் அப்பா சாப்பிட வந்தபோது கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"டைப்புல தவறியிருக்கும்" என்றார்.

"டைப் மெஷின் தானா மாத்தாதுப்பா" என்றேன்.

என் வாழ்நாளில் அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் சாப்பிடாமலே எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அம்மா என்னையும் அவர் போன வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.  எனக்கு அழுகைகூட வரவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தோரு நாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி. நான் லாமிடம் முன்பே சொல்லியிருந்தேன், நான்கு மணிக்கு மைதானத்துக்கு வா, பந்து போடலாம் என்று. எல்லாம் போன பிறகு பயிற்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. வேறு காரணம் இல்லை.

நான் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அம்மா வாசலை மறித்து நின்றார். அம்மாவின் தமிழ் அப்பாவிடம் கற்ற தமிழ். அதில் அவரே தைத்த ஒட்டுகள் இருக்கும். என்னைக் கூப்பிடுவது மட்டும் அவர் மொழியில்தான், கோன் என்று. பிள்ளை என்று அர்த்தம்.

"கோன், இன்னைக்கு வெள்ளி. முதல்ல அம்மன். அப்புறம் பந்து."

"லாம் காத்திருப்பாம்மா."

"அம்மனும் காத்திருக்கு."

எங்கள் அம்மன் கோயிலை அங்கே போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நம்மவர்கள் கட்டிய கோயில். ஆனால் கும்பிட வருகிறவர்களில் முக்கால்வாசி அந்த ஊர் ஜனங்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சந்நிதியில் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போவார்கள். அங்கே கருவறையின் கருங்கல் சுவரில் நெற்றியையும் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, வாயைக் கல்லோடு வைத்து, வேண்டியதை அம்மனிடம் முணுமுணுப்பார்கள். நம் தமிழர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். அப்பாவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். "சுவத்துல மூஞ்சியத் தேய்க்கிறதா சாமி கும்பிடுறது? அம்பாள் முன்னாடி இருக்கா. பின்னாடி போயி யார்கிட்ட பேசுறீங்க?" என்பார். அம்மா சுவரில் பேசிவிட்டு வந்து அமைதியாக அவர் பக்கத்தில் நிற்பார். நானும் அதுவரை அப்பா கட்சிதான்.

அன்று நான் சுவருக்குப் போனேன். ஆடி வெள்ளிக் கூட்டம், வரிசை நீண்டு கிடந்தது. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் பெண்கள். எல்லார் கையிலும் ஒரு இளைஞனின் புகைப்படம். ஒருத்தி தன் மகன் படத்தைச் சுவரில் வைத்து அதன்மேல் நெற்றியை வைத்தாள். எழுந்திருக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மணி மூன்றரை ஆனது. நான்கு ஆனது. லாம் திட்டுவான் என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. கல் குளிர்ந்திருந்தது. பலர் நெற்றி பட்டு அந்த இடம் வழுவழுப்பாக இருந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அழகான பிரார்த்தனை இல்லை அது. "தாயே, அப்பாவை என்னால மன்னிக்க முடியல. எனக்குச் சாகப் பயமா இருக்கு. இந்தக் கையை நீயே எடுத்துக்கோ. என்னை மட்டும் காப்பாத்து." இவ்வளவுதான். என்னை மட்டும் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்த இரண்டு வார்த்தைகள் எனக்கு உறுத்துகின்றன.

சைக்கிளை மிதித்து மைதானத்துக்குப் போனபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. மைதானத்தில் யாரும் இல்லை. லாமின் சைக்கிள் வேலியில் சாய்ந்திருந்தது. அவன் வழக்கமாகக் குந்தி உட்காரும் இடத்தில் அவனுடைய கேட்சர் கையுறை கிடந்தது. மண்ணில் பெரிய டயர்த் தடம்.

கரும்புச்சாறு விற்கிற அம்மாள் ஒருத்தி எப்போதும் வேலியோரம் வண்டியை நிறுத்தியிருப்பாள். அவள் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாலேகாலுக்கு வண்டி வந்தது" என்றாள். "ரெண்டு பக்கமும் அடைச்சுட்டாங்க. ஏழு பேரை ஏத்தினாங்க. உன் சிநேகிதன்கிட்ட தாள் இருந்துச்சு, காட்டினான். யாரும் பார்க்கலை."

"அவன் ஓடலையா?"

"நண்பன் வருவான், அவன்கிட்ட சொல்லிட்டு வரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

கையுறையை எடுத்தேன். உள்பக்கம் இன்னும் வியர்வை ஈரம் இருந்தது. அவன் சைக்கிளை ஒரு கையிலும் என் சைக்கிளை ஒரு கையிலும் தள்ளிக்கொண்டு சோலனுக்கு நடந்தேன். கடையில் அவன் அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு சைக்கிளையும் ஒரு ஆளையும் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாவுக் கையோடு என் கன்னத்தைத் தொட்டு, "நீ வீட்டுக்குப் போ, தெருவுல நிக்காதே" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். நான்கு மணிக்கு நான் அங்கே இருந்திருக்க வேண்டியவன் என்றும் சொன்னேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மடியிலிருந்த என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

சனிக்கிழமை காலை எழுந்தபோது அப்பா இல்லை. கம்பெனிக்கு இவ்வளவு சீக்கிரம் போக மாட்டாரே என்று அம்மாவிடம் கேட்டேன். "கோயில்" என்றார் அம்மா. "நீ போய்ப் பாரு. நான் வரல." இனி தெருவில் போகக் கூடாது என்று நேற்று இரவு சொன்ன அதே அம்மா அனுப்பினார். சந்து சந்தாகப் புகுந்து போனேன்.

முன்மண்டபத்தில் அப்பாவைக் காணவில்லை. பின்பக்கம் போனேன். சுவரில் ஐந்தாறு பேர் முகம் பதித்து நின்றார்கள். அவர்களில் ஒரு முதுகு எனக்குத் தெரிந்த வெள்ளைச் சட்டை. காலர் ஓரம் அம்மா தைத்த தையல். நெற்றியைக் கல்லில் வைத்து, இரண்டு கைகளையும் விரித்துப் பதித்து, பக்கத்தில் நின்ற காய்கறிக்காரியைப் போலவே அவரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சுற்றி வருகிற நம் ஆட்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை.

என் பிரார்த்தனைக்கு அம்மன் கொடுத்த பதில் அந்த நிமிடத்தில் வந்துவிட்டது என்று நான் நம்புகிறேன். தந்தி பிறகுதான் வந்தது. அந்த நாள்வரை எந்தத் தவறையும் ஒப்புக்கொண்டு பழகாத மனிதர் அப்பா.

திரும்பியவர் என்னைப் பார்த்தார். நெற்றியில் கல்லின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். நான் பென்சிலால் நிரப்பிய பழைய படிவம். கிழித்துப் போடாமல் வைத்திருந்தார்.

"இடதுன்னுதான் நீ எழுதியிருந்தே. நான்தான் மாத்தினேன்" என்றார். "பெரிய எடத்துக்குப் போற தாளு. பீச்சாங்கைன்னு போட்டா உன்னை மட்டமா நெனைச்சிருவாகளோன்னு பயந்துட்டேன். நல்லது பண்றதாத்தான்டா நெனைச்சேன்."

நான் அப்பா என்று மட்டும் சொன்னேன்.

"வா, தந்தி ஆபீஸ் தொறந்திருக்கும்."

தந்தியில் எல்லாரும் வார்த்தையைச் சுருக்கத்தான் பார்ப்பார்கள். அப்பா சுருக்கவில்லை. அங்கேயே நின்று தன் அழகான ஆங்கிலத்தில் எழுதினார். அதன் சாரம் எனக்கு இன்றும் மனப்பாடம். படிவத்தை டைப் செய்தது நான், பையனின் தகப்பன். பையன் இடது கை என்று எழுதியிருந்தான். எங்கள் வழக்கத்தில் இடது கை மரியாதைக் குறைவு என்பதால் நான் வலது என்று மாற்றிவிட்டேன். பிழை முழுவதும் என்னுடையது. கெல்லி சொன்ன பையன் இவன்தான். என் பிழைக்காக அவனைத் தண்டிக்க வேண்டாம்.

கவுன்டரில் இருந்தவர் படித்துவிட்டு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். இதை அப்படியே அனுப்பவா என்று கேட்டார். அப்படியே அனுப்புங்கள் என்றார் அப்பா.

அங்கிருந்து ஸ்டூடியோவுக்குப் போனோம். எங்கள் குடும்பப் படமெல்லாம் எடுத்த இடம். பந்தை எந்தக் கையில் பிடிக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. அப்பாவே வந்து என் இடது கையை உயர்த்திவிட்டுத் தள்ளி நின்றார். அந்தப் படத்தை அன்றே விமானத் தபாலில் அனுப்பினார்.

ஞாயிறு போனது. திங்கள் போனது. வெளியே போகாமல் உள்ளே கிடந்தேன். சந்து முனையில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அம்மா கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார். செவ்வாய்க்கிழமை காலை அப்பா நாள்காட்டியில் தாளைக் கிழித்தார். ஆகஸ்ட் ஒன்று. கிழித்த தாளைக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, "முடிஞ்சுபோச்சுடா" என்றார்.

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தந்திக்காரர் வந்தார். அப்பா உறையை என்னிடம் நீட்டினார், நான்தான் பிரித்தேன். "இப்படி ஒரு காரணத்தை யாராலும் கற்பனை செய்ய முடியாது. அதனால் நம்புகிறேன். இடம் உங்கள் மகனுக்குத்தான். கடிதம் வருகிறது." அனுப்பிய தேதி ஜூலை முப்பத்தொன்று. எங்களுக்கு ஆகஸ்ட் பிறந்து பாதி நாள் ஆகியிருந்தது. அவர்களுக்கு இன்னும் ஜூலை முடியவில்லை. அம்மா அந்தத் தாளை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்.

அதோடு பயம் விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். கல்லூரிக் கடிதம் வந்து, வெளியேறும் அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அப்பாவும் நானும் நின்றோம். கடைசி மேசையில் இருந்த அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு என் இடது கையை நீட்டச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துப்பாக்கிக்கு எந்தக் கையா இருந்தாலும் சரிதான்" என்றார்.  கடிதத்தை மேசைமேல் வைத்தார். பிறகு, "எனக்கும் ஒரு பையன் இருந்தான்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். எனக்குப் பதினெட்டு முடிய ஒன்பது நாள் பாக்கி.

விமான நிலையத்துக்கு லாமின் அம்மாவும் வந்தார். லாமிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது, பயிற்சி முகாமில் இருக்கிறான், சாப்பாடு மோசம் என்று எழுதியிருக்கிறான் என்றார். நான் கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "நீ வச்சிரு. அவன் வந்து உன்கிட்ட கேட்டு வாங்கிக்குவான்" என்றார்.

அம்மா அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த மஞ்சள் காப்புக் கயிற்றை மடியிலிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். ஆண்களுக்கு வலது கையில் கட்டுவதுதான் நம் வழக்கம். நான் வலது கையை நீட்டினேன்.

"அது இல்லடா" என்றார் அப்பா. என் இடது கையைப் பிடித்து இழுத்து, சின்ன வயதில் துண்டால் கட்டிய அதே மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போட்ட பிறகும் கையை விடவில்லை. விமானத்துக்குக் கூப்பிட்ட பிறகுதான் விட்டார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் கல்லூரிக்கு இரண்டு பருவம் பந்து வீசினேன். சுமாராகத்தான் வீசினேன். மூன்றாவது பருவத் தொடக்கத்தில் இடது தோள் கிழிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையால் எறியவே முடியவில்லை. மருத்துவர் ஏதேதோ காரணம் சொன்னார். சுவரில் நான் சொன்ன வார்த்தை எனக்கு நினைவிருந்தது. கேட்டதைக் கொடுத்தாள், கொடுப்பதாக நான் சொன்னதை எடுத்துக்கொண்டாள். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கல்லூரி என்னை விரட்டவில்லை, படிப்பை முடிக்க விட்டது. அந்த நாட்டிலேயே பள்ளி ஆசிரியரானேன். சண்டை முடிந்த பிறகு அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பையோடு காரைக்குடிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே எந்தக் கோயிலுக்குப் போனாலும் அப்பா பின்சுவருக்குப் போய் நெற்றியை வைப்பாராம். ஊர் சிரித்ததாம். இருவரும் இன்று இல்லை.

லாமின் இரண்டாவது கடிதம் அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவன் அம்மாவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் எனக்கு எழுதிக்கொண்டிருந்தவரை ஒவ்வொரு கடிதத்திலும் அதே வரிதான், இன்னும் வரவில்லை என்று. ஒரு கட்டத்தில் அவர் கடிதமும் நின்றுபோனது. நான் தேடாத இடம் இல்லை, கேட்காத ஆள் இல்லை.

அன்று வரிசையில் என்னை ஒரு மணி நேரம் நிறுத்தி அம்மன் என்னைக் காப்பாற்றினாள் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் லாமை ஏன் காப்பாற்றவில்லை என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். சண்டை போட்டும் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை. என் உயிர் அவள் போட்ட பிச்சை. அதை மறந்து ஒரு வாய் சோறுகூட நான் சாப்பிட்டதில்லை.

அன்பர்களே, உங்களுக்கும் ஏதாவது ஒரு நாள் எல்லா வாசலும் அடைபடும். அப்போது அழகாகப் பேசத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். வெட்கப்படுகிற விஷயத்தை, கோபத்தை, பயத்தை அப்படியே கொண்டுபோய் அவளிடம் கொட்டுங்கள். என்னைப் போல என்னை மட்டும் என்று கேட்டுவிடாதீர்கள். கூடவே இன்னொருவர் பெயரையும் சொல்லுங்கள். வேறு பெயர் தோன்றவில்லை என்றால் லாம் என்று சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஆடியிலும் நம் கோயிலில் நான் இரண்டு காப்பு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் சார் இடது கையில் கட்டுகிறீர்கள், இரண்டாவது யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள், நான் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். ஒன்றை என் இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறேன். இன்னொன்றை வீட்டில் லாமின் கையுறைக்குள் வைக்கிறேன். கையுறையின் தோல் காய்ந்து வெடித்துவிட்டது. உள்ளே கயிறுகள் நிரம்பிவிட்டன. பழையதை எடுக்க மனம் வரவில்லை. இந்த ஆடிக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.